கண்டக்டருக்கு ஆயுசு கெட்டி

உடற்பயிற்சி அறிவியலை இரண்டு வகை மனிதர்கள் சேர்ந்து உண்டாக்கினார்கள். ஒரு வகையினர் ஓடினார்கள், படி ஏறினார்கள், மூட்டை தூக்கினார்கள், வியர்த்தார்கள். இன்னொரு வகையினர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதையெல்லாம் எழுதிக்கொண்டார்கள். எழுதியவர்களுக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. ஓடியவர்களுக்குப் பசி எடுத்தது.

பிள்ளையார் சுழி போட்டவரே நாற்காலி ஆசாமிதான். இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் போதித்த சான்டோரியோ, ஒரு பெரிய தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு அதில் ஏறி உட்கார்ந்தார். சாப்பிடும் முன் எடை, சாப்பிட்ட பின் எடை, தூங்கும் முன் எடை, எழுந்த பின் எடை என்று சுமார் 30 வருஷம் இதே உத்தியோகம். உள்ளே போனதையும் எடை போட்டார், வெளியே வந்ததையும் எடை போட்டார். இரண்டாவது எடையைப் பற்றி விவரித்து வாசகர்களின் காப்பியைக் கெடுக்க நான் விரும்பவில்லை. போனதற்கும் வந்ததற்கும் கணக்கு உதைத்தது. மிச்சமெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் தோல் வழியாக ஆவியாகிறது என்று முடிவுகட்டி 1614-ல் புத்தகம் போட்டார். உட்கார்ந்தபடியே ஒரு மனிதன் அடைந்த உச்சபட்ச வெற்றி அது.

அப்புறம் சுமார் 300 வருஷத்தைத் தாண்டிவிடலாம். நடுவில் பலர் பலதும் செய்தார்கள். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் இங்கிலீஷ்காரர் ஏ.வி. ஹில் அளவுக்கு ரசமான ஆள் கிடைக்கவில்லை.

ஹில் கேம்பிரிட்ஜில் கணக்குப் படித்தவர். 1907-ல் அந்தப் பரீட்சையில் மூன்றாவதாக வந்தார். அவ்வளவு கணக்குத் தெரிந்தவர் பேசாமல் ஒரு வங்கியில் சேர்ந்து பிழைத்திருக்கலாம். உடலியங்கியல் பக்கம் தாவினார். அங்கே அவர் கையில் ஒரு தவளைக் காலைக் கொடுத்தார்கள். தவளையின் தசைக்கு மின்சாரம் கொடுத்தால் சுருங்கும், சுருங்கும்போது சூடாகும், அந்தச் சூடு ஒரு டிகிரியில் ஆயிரத்தில் சில பங்கு. அதை அளப்பதற்காக வாழ்க்கையைச் செலவழிக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியதே பெரிய விஷயம். தோன்றியதற்கு நோபல் பரிசும் கொடுத்தார்கள்: 1922-ம் ஆண்டின் மருத்துவப் பரிசு, ஜெர்மனியின் ஓட்டோ மேயர்ஹோஃபோடு பங்கு. தவளைகளின் பெயர் பட்டியலில் இல்லை.

தவளை அலுத்ததும் ஹில் மனிதனைப் பிடித்தார். கைக்கெட்டிய தூரத்தில் இருந்த முதல் மனிதன் அவரேதான். வயது முப்பத்தைந்துக்கு மேல், முதுகில் ஒரு பெரிய காற்றுப் பை, வாயில் குழாய். புல்தரையில் வட்டமடித்து ஓடினார். விட்ட மூச்செல்லாம் பைக்குள் போயிற்று. ஓடி முடித்ததும் பையைப் பிரித்து அதில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தார்கள். வேகம் கூடக்கூட உடம்பு இழுக்கும் ஆக்ஸிஜனும் கூடுகிறது. ஆனால் ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது, அதற்கு மேல் தலைகீழாக நின்றாலும் ஏறுவதில்லை. ஹில்லுக்கு அந்த உச்சம் நிமிஷத்துக்கு 4 லிட்டர். இன்று கைக்கடிகாரத்தில் ‘வி.ஓ.டூ மேக்ஸ்’ பார்த்துவிட்டு அலுவலகத்தில் அலட்டிக்கொள்ளும் அன்பர்கள் அலட்டுவது, ஒரு நோபல் பேராசிரியர் பையைக் கட்டிக்கொண்டு ஓடியதன் பலனைத்தான்.

ஓட்டம் நின்ற பிறகும் மூச்சு வாங்குகிறதே, ஏன்? உடம்பு கடன் வாங்கிவிட்டது, இப்போது திருப்பிக் கட்டுகிறது என்றார் ஹில். ‘ஆக்ஸிஜன் கடன்’ என்றே பெயர் வைத்தார். இங்கே ஒரு குடும்பச் செய்தியையும் சொல்லியாக வேண்டும். ஹில்லின் மனைவி மார்கரெட், பொருளாதார மேதை ஜான் மேனார்ட் கெயின்ஸின் தங்கை. மச்சான், அரசாங்கங்கள் கடன் வாங்கியாவது செலவு செய்ய வேண்டும் என்று உபதேசித்துப் புகழ் பெற்றார். மாப்பிள்ளை, நுரையீரலே கடனில்தான் ஓடுகிறது என்று சொல்லிப் புகழ் பெற்றார். அந்த வீட்டு விருந்துகளுக்கு மளிகைக்காரர் எப்படிச் சாமான் கொடுத்தார் என்பதுதான் என் கவலை.

1927-ல் ஹில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஓட்டக்காரர்களின் உடம்பில் காந்தத்தைக் கட்டி, தடத்தின் ஓரமாகக் கம்பிச் சுருள்களை நிறுத்தி, ஆள் தாண்டும்போதெல்லாம் துடிக்கும் மின்சாரத்தைப் பதிவு செய்து வேகத்தை அளந்தார். இதனால் என்ன பிரயோஜனம் என்று அந்த நாட்டில் ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். வேடிக்கையாக இருக்கிறது, அதனால் செய்கிறோம் என்ற பொருளில் பதில் சொன்னார். அவருக்கு ஏற்கெனவே நோபல் கிடைத்துவிட்டது, சொல்லலாம். இன்று ஒரு உதவிப் பேராசிரியர் நிதி விண்ணப்பத்தில் ‘நோக்கம்’ என்ற கட்டத்தில் ‘வேடிக்கை’ என்று நிரப்பினால், அடுத்த கட்டத்தை நிரப்ப வேறு ஆள் வருவார்.

அதே 1927-ல் ஹார்வர்டில் ‘களைப்பு ஆய்வகம்’ ஒன்றைத் திறந்தார்கள். உலகத்தின் முதல்தர உடற்பயிற்சி ஆய்வகம் என்று இன்றும் பெயர் சொல்கிறார்கள். எங்கே திறந்தார்கள்? மருத்துவக் கல்லூரியில் இல்லை, விளையாட்டு மைதானத்தில் இல்லை. வணிக நிர்வாகப் பள்ளியின் கீழ்த்தளத்தில். தொழிலாளி ஏன் களைத்துப் போகிறான் என்ற கவலை மேல் தளத்து முதலாளிகளுக்கு இருந்திருக்கிறது. ரத்தத்தை அளந்தார்கள், வியர்வையை அளந்தார்கள், நாயையும் மனிதனையும் ஓடும் பட்டையில் ஓடவிட்டார்கள். 1932-ல் பெரிய அணை கட்டிக்கொண்டிருந்த நெவாடா பாலைவனத்துக்கே போய், வெயிலில் சுருண்டு விழும் தொழிலாளிக்கு வியர்வையோடு உப்பும் போய்விடுகிறது என்று நிரூபித்தார்கள். நல்ல வேலைதான். சம்பளம் பற்றாமல் வரும் களைப்பை அளக்க மட்டும் அந்தக் கீழ்த்தளத்தில் கருவி இல்லை. 1947-ல் ஆய்வகத்தை மூடிவிட்டார்கள்.

இதுவரை வந்தவர்களுக்கெல்லாம் பையும் தராசும் காந்தமும் தேவைப்பட்டன. அடுத்து வருபவருக்கு ஒரு கணக்குப்பிள்ளையின் பேரேடு போதுமாக இருந்தது. அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஜெரி மோரிஸ் 1910-ல் லிவர்பூலில் பிறந்து கிளாஸ்கோவில் வளர்ந்தவர். போலந்துப் பக்கத்திலிருந்து தப்பி வந்த யூதக் குடும்பம். தகப்பனார் வாரக் கடைசியில் பையனை 4 மைல் நடக்கக் கூட்டிப் போவார். ஒரு மணி நேரத்துக்குள் முடித்தால் ஐஸ்கிரீம். நடைக்கும் இதயத்துக்கும் உள்ள சம்பந்தம் அவருக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. நடைக்கும் ஐஸ்கிரீமுக்கும் உள்ள சம்பந்தம் முதலிலேயே தெரியும். டாக்டருக்குப் படித்தார். யுத்தத்தின்போது ராணுவ மருத்துவப் படையில் இந்தியாவில் வேலை பார்த்தார். திரும்பிப் போனதும் 1948-ல் லண்டனில் ‘சமூக மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவு’ என்று ஒன்றை அரசாங்கப் பணத்தில் தொடங்கினார்கள். அதற்கு இவர் தலைவர்.

அந்தக் காலத்தில் மாரடைப்பு ஒரு புதுப் பிசாசு. நடுத்தர வயது ஆண்கள், நேற்று வரை நன்றாக இருந்தவர்கள், திடீர் திடீரென்று விழுந்தார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. பிழைத்தவரை வாரக்கணக்கில் படுக்கையில் போட்டு, புரண்டுகூடப் படுக்காதே என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாற்பது தாண்டியவன் வேகமாக நடந்தால் இதயம் தேய்ந்துவிடும் என்பது படித்தவர்களின் அபிப்பிராயம். தேயாமல் இருப்பதற்காக உட்கார்ந்தார்கள்.

மோரிஸ் ஒரு எளிய கேள்வி கேட்டார். எந்த வேலை பார்ப்பவனுக்கு மாரடைப்பு அதிகம்? பள்ளி ஆசிரியர், தபால்காரர், பஸ்காரர் என்று பல தொழில்களிலிருந்து கணக்குக் கேட்டு வாங்கினார். முதலில் வந்து மேஜையில் விழுந்தது லண்டன் போக்குவரத்துக் கழகத்தின் கணக்கு. 35 முதல் 64 வயது வரையுள்ள ஆண்கள், மொத்தம் 31,000 பேர்.

லண்டனின் சிவப்பு மாடி பஸ்ஸைப் போல ஒரு பரிசோதனைக் கூடத்தைப் பேராசிரியர்கள் உட்கார்ந்து திட்டம் போட்டிருந்தாலும் கட்டியிருக்க முடியாது. ஒரே வண்டியில் இரண்டு ஆள். ஒரே குடியிருப்பு, ஒரே மாதிரி சம்பளம், ஒரே கேன்டீனில் ஒரே வறுத்த மீன். ஒருவர் டிரைவர்: வேலை நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு உட்கார்ந்தே இருப்பார். மற்றவர் கண்டக்டர்: டிக்கெட் கொடுப்பதற்காக மாடிக்கும் கீழுக்குமாக ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி ஏறுவார். யாரும் அவரைக் கேட்டு இந்தச் சோதனையில் சேர்க்கவில்லை. சில்லறைக்கு அலைந்ததே அறிவியலாகிக்கொண்டிருந்தது என்று அவருக்குத் தெரியாது.

முடிவு: ஆயிரம் டிரைவர்களுக்கு வருஷத்துக்கு 2.7 பேருக்கு இதய நோய், கண்டக்டர்களில் 1.9. வந்தாலும் கண்டக்டருக்கு முற்றிய வயதில், மிதமாக வந்தது. வந்த சூட்டோடு போய்ச் சேர்வது டிரைவர்களிடம் அதிகம். மோரிஸ் உடனே தாரை தப்பட்டை அடிக்கவில்லை. தபால் இலாகாவுக்குப் போனார். அங்கே பையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்த தபால்காரருக்கு நோய் குறைவு. உட்கார்ந்து டெலிபோன் இணைப்புக் கொடுத்தவருக்கும் குமாஸ்தாவுக்கும் அதிகம். அப்புறம்தான், 1953 நவம்பரில், ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு பகுதியாகக் கட்டுரை வந்தது.

பெரிய மனிதர்கள் நம்பவில்லை. நம்பாததற்கும் காரணம் இருந்தது. டிரைவருக்கு லண்டன் நெரிசலில் வண்டி ஓட்டும் மனக்கொதிப்பு இருக்குமே, அதுதான் கொன்றிருக்கும் என்று சொல்லலாம். அல்லது, முதலிலிருந்தே குண்டானவன்தான் உட்காரும் வேலைக்கு வருகிறான், ஒல்லியானவன் ஏறி இறங்கும் வேலைக்குப் போகிறான் என்றும் சொல்லலாம்.

இந்த இரண்டாவது சந்தேகத்தைத் தீர்க்க மோரிஸ் செய்த காரியம்தான் இந்த வரலாற்றின் சிகரம். எந்த இயந்திரத்தையும் வாங்கவில்லை. கழகம் தன் ஊழியர்களுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. தைப்பதற்கு அளவு வேண்டும். அளவு இருந்தால் பேரேடு இருக்கும். உடுப்புக் கிடங்கில் நடந்த பேச்சை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆகவே கற்பனை செய்ய எனக்குப் பூரண சுதந்திரம்.

“என்ன வேணும் டாக்டர்?”

“பேன்ட்.”

“யாருக்கு?”

“எல்லாருக்கும்.”

“இடுப்பளவு சொல்லுங்க.”

“அதை நீங்கதான் சொல்லணும். எத்தனை வருஷத்துக் கணக்கு வெச்சிருக்கீங்க?”

பேரேடு வந்தது. 1956-ல் அதே லான்செட்டில், பஸ்காரர்களின் யூனிஃபார்ம் அளவைப் பற்றி, பேன்ட் இடுப்புச் சுற்றளவுகளின் அட்டவணையோடு, மருத்துவக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. முடிவு என்ன தெரியுமா? சந்தேகப்பட்டவர்கள் சொன்னது சரி. டிரைவர்களின் இடுப்பு எல்லா வயதிலும் பெரிது. வேலைக்குச் சேர்ந்த இளம் வயதிலேயே பெரிது. வண்டி ஓட்டி இடுப்பு பெருக்கவில்லை, பெருத்த இடுப்போடுதான் வண்டியில் ஏறியிருக்கிறார்கள்.

கவனியுங்கள். தான் மூன்று வருஷத்துக்கு முன் சொன்ன பெரிய கண்டுபிடிப்பின் அடியில் தானே ஒரு கடப்பாரையைச் செருகி, அதை அதே பத்திரிகையில் அச்சும் போட்டார். இன்றைய பல்கலைக்கழகத்தில் இதைச் செய்திருந்தால் பதவி உயர்வுக் குழு கூடி, இவருக்கு ஏதோ குடும்பப் பிரச்சினை போலிருக்கிறது என்று முடிவு செய்திருக்கும். பேன்ட் விவகாரத்தில் இன்னொரு விஷயமும் வெளிப்பட்டது. ஒல்லி டிரைவரை ஒல்லிக் கண்டக்டரோடும், குண்டு டிரைவரைக் குண்டுக் கண்டக்டரோடும் ஒப்பிட்டுப் பார்த்தபோதும், திடீர்ச் சாவு டிரைவர்களிடம்தான் அதிகம். இடுப்பு ஒரு காரணம். படியும் ஒரு காரணம்.

கண்டக்டர் என்றதும் தமிழ் வாசகர் மனதில் யார் வருவார் என்று எனக்குத் தெரியும். பெங்களூர் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர் எழுபது தாண்டியும் படியேறி வருகிற வேகத்தைப் பாருங்கள் என்று உதாரணம் காட்டக் கை துறுதுறுக்கிறது. ஒரே ஒரு ஆளை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பதற்காகத்தான் மோரிஸ் 31,000 பேரின் கணக்கை வாங்கினார். விட்டுவிடுகிறேன்.

மோரிஸ் விடவில்லை. வேலையால் வரும் வித்தியாசம் எப்போதும் தகராறு. ஆகவே, வேலையில் அசையவே அசையாத மனிதர்களைத் தேடினார். அதிக தூரம் தேட வேண்டியிருக்கவில்லை. இங்கிலாந்தில் அரசாங்க அலுவலகங்கள் இருந்தன. 1968 முதல் 1970 வரை, 40 முதல் 64 வயதுக்குட்பட்ட 16,882 அதிகாரிகளிடம் ஒரு திங்கட்கிழமை காலையில் படிவம் நீட்டப்பட்டது: போன வெள்ளியும் சனியும் என்ன செய்தீர்கள், நேரவாரியாக எழுதவும். திங்கட்கிழமை காலையில் அரசு ஊழியர் அலுவலகத்தில் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்தது. முத்திரைக் கோப்பு எழுதிப் பழகிய கை அல்லவா, வஞ்சனையில்லாமல் எழுதினார்கள். இத்தனை மணிக்குத் தோட்டத்தைக் கொத்தினேன், இத்தனை மணிக்கு நீந்தினேன், இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை ஒன்றும் செய்யவில்லை. ஒரு தேசத்தின் வாரக் கடைசி முழுவதும் மோரிஸின் பெட்டியில் வந்து விழுந்தது.

அப்புறம் காத்திருந்தார். இந்தத் தொழிலில் காத்திருப்பது என்றால் எதற்குக் காத்திருப்பது என்று வெளியில் சொல்ல முடியாது. 232 பேருக்கு மாரடைப்பு வந்தது. அவர்களில் அந்த இரண்டு நாளில் மூச்சு வாங்கும்படி ஏதாவது செய்திருந்தவர்கள் 11 சதவீதம். அதே வயது, அதே பதவி, மாரடைப்பு வராதவர்களில் 26 சதவீதம். 1973-ல் கட்டுரை. சும்மா உலாத்தியவர்களுக்குப் பலன் தெரியவில்லை; வியர்த்தவர்களுக்குத்தான் தெரிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை மண்வெட்டி பிடித்தது சில வருஷம் கழித்து ஆஸ்பத்திரிக் கணக்கில் பேசியது.

தான் கண்டுபிடித்ததைத் தானே நம்பிய பேராசிரியர்கள் அபூர்வம். மோரிஸ் நம்பினார். 1960-களில் லண்டன் ஹாம்ப்ஸ்டெட் ஹீத்தில் ஓட ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் லண்டனில் வளர்ந்த மனிதன் ஓடினால் ஒன்று பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும், அல்லது போலீஸுக்குப் பயந்து ஓட வேண்டும். மறை கழண்ட கேஸ் என்று பார்த்தவர்கள் நினைத்ததாகப் பின்னால் அவரே சொன்னார்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் அவருக்கு ஒரு பங்காளி இருந்தார்: ரால்ஃப் பஃபன்பார்கர். போலியோ ஆராய்ச்சியிலிருந்து இதயத்துக்கு வந்தவர். இவரும் பேரேட்டு ஆசாமிதான். சான்ஃபிரான்சிஸ்கோ துறைமுகத்தில் மூட்டை தூக்கிய 6,351 பேரின் கணக்கை 22 வருஷம் பின்தொடர்ந்து, பாரம் தூக்கியவர்களுக்கு இதயச் சாவு குறைவு என்று 1975-ல் எழுதினார். அதற்குள் துறைமுகத்தில் கன்டெய்னர் வந்துவிட்டது. தூக்குவதற்கு மூட்டை இல்லை. கிரேனுக்கு மாரடைப்பு வராது என்பதால் ஆராய்ச்சி அதோடு நின்றது.

அடுத்த பேரேடு இன்னும் பிரமாதம். ஹார்வர்டில் படித்துவிட்டு ஒருவன் உலகத்தின் எந்த மூலைக்குப் போய் ஒளிந்தாலும் பழைய மாணவர் அலுவலகத்தின் நன்கொடைக் கடிதம் அவனைக் கண்டுபிடித்துவிடும். செத்தால்தான் பெயரை அடிப்பார்கள். அதையும் தேதி போட்டு அடிப்பார்கள். மரண விகிதம் ஆராய்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? பஃபன்பார்கர் 16,936 பழைய மாணவர்களை எடுத்துக்கொண்டார். வாரத்துக்கு 2,000 கலோரிக்கு மேல் நடந்தும் ஏறியும் விளையாடியும் எரித்தவர்கள், சோம்பேறிகளைவிடக் குறைவாகச் செத்தார்கள் என்று 1986-ல் எழுதினார். அதற்கு முன்பே, 1978-ல், அவர் போட்ட குண்டுதான் எனக்கு அதிகம் பிடித்தது. கல்லூரியில் பெரிய ஆட்டக்காரனாக இருந்தது பின்னாளில் ஒரு காசுக்கும் உதவவில்லை. ஆட்டத்தை விட்டவன் மற்ற சோம்பேறிகளோடு சேர்ந்துவிட்டான். அன்று ஆடாமல் பிற்காலத்தில் நடக்க ஆரம்பித்தவன் தப்பித்தான். ‘காலேஜ்ல நான் யூனிவர்சிட்டி ப்ளேயர்’ என்று கல்யாண வீட்டுப் பந்தியில் மூன்றாவது ஜாங்கிரியோடு ஆரம்பிக்கும் சித்தப்பாக்கள் இந்தக் கட்டுரையைப் படிக்காமல் பார்த்துக்கொள்வது உறவுக்கு நல்லது.

பஃபன்பார்கரும் நம்பினார். நம்பினார் என்றால் சாதாரணமாக இல்லை. 45 வயதில் ஓட ஆரம்பித்து, மாரத்தானும் அதற்கு மேலுமாக நூற்றைம்பது சொச்சம் பந்தயம் ஓடினார். மலையும் காடுமாகக் கலிபோர்னியாவில் 100 மைல் ஓடும் பந்தயமும் அதில் உண்டு. அவர் சொன்ன வாரத்து 2,000 கலோரியை அவரே ஒரு காலை வேளையில் தாண்டியிருப்பார்.

எல்லாரையும் ஓடச் சொல்லி இவர்கள் மன்றாடிக்கொண்டிருந்தபோது, டல்லஸில் வேறு ஒரு கூட்டம் நேர் எதிராகச் செய்தது. 1966-ல் பெங்ட் சால்டின் என்ற ஸ்வீடன்காரரும் அமெரிக்கக் கூட்டாளிகளும் 20 வயதுப் பையன்கள் 5 பேரைப் பிடித்து, மூன்று வாரம் படுக்கையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்றார்கள். நம் வீடுகளில் பிள்ளைகள் கேட்காமலே செய்யும் காரியம். அங்கே அதற்கு ஆய்வகம் வைத்தார்கள். மூன்று வாரத்தில் ஹில் அளந்தாரே, அந்த உச்ச ஆக்ஸிஜன், அது கால் பங்குக்கு மேல் சரிந்தது. அப்புறம் எட்டு வாரம் ஓடவிட்டு மீட்டார்கள். படுக்கைதான் மருந்து என்று மாரடைப்புக்காரரை அழுத்திப் பிடித்திருந்த டாக்டர்கள் கையைக் கொஞ்சம் தளர்த்தினார்கள்.

கதை அதோடு முடியவில்லை. 30 வருஷம் கழித்து அதே ஐவரையும் தேடிப் பிடித்துத் திரும்ப அளந்தார்கள். சராசரி எடை 77 கிலோவிலிருந்து 100-க்குப் போயிருந்தது. கொழுப்பு இரண்டு மடங்கு. ஆனாலும் முப்பது வருஷத்து இல்லறமும் உத்தியோகமும் சேர்ந்து அந்த உடம்புகளுக்குச் செய்த கேடு, இருபது வயதில் மூன்று வாரம் படுத்ததால் வந்த கேட்டைவிடக் குறைவு. இந்த ஒரு செய்திக்காகவே அந்த ஐந்து பேருக்கும் சிலை வைக்கலாம், படுத்த நிலையில்.

தினம் 10,000 அடி நடக்கச் சொல்லும் கட்டளை மட்டும் எந்த ஆய்வகத்திலிருந்தும் வரவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுவருஷம், 1965-ல், யமாசா என்ற ஜப்பான் கம்பெனி இடுப்பில் மாட்டும் நடைமானி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்து அதற்கு ‘பத்தாயிரம் அடி மானி’ என்று பெயர் வைத்தது. உருண்டையான எண், விற்பதற்குத் தோது. அரை நூற்றாண்டு காலம் உலகமே அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, இரவு பதினோரு மணிக்கு 9,400 என்று கண்டு மொட்டைமாடியில் வட்டமடித்தது. 2019-ல் ஹார்வர்டின் ஐ-மின் லீ, பஃபன்பார்கரோடு பழைய மாணவர் கணக்குகளில் வேலை பார்த்தவர், 16,741 வயதான பெண்களின் நடையை அளந்து, 7,500 அடி வாக்கிலேயே பலன் ஏறுவது நின்றுவிடுகிறது என்று எழுதினார். மிச்சம் 2,500-ஐ ஜப்பான்காரர்கள் திருப்பித் தரவில்லை.

1996-ல், அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் நடந்த வருஷம், விளையாட்டு அறிவியலுக்கென்று ஒலிம்பிக் கமிட்டி ஒரு பரிசை முதல் முறையாகக் கொடுத்தது. மோரிஸுக்கும் பஃபன்பார்கருக்கும் பாதிப் பாதி. எண்பத்தாறு வயதில் ஒலிம்பிக் மேடை. கண்டக்டர்களுக்கும் மூட்டைக்காரர்களுக்கும் தவளைகளுக்குக் கிடைத்ததே கிடைத்தது. மோரிஸ் அதற்குப் பிறகும் லண்டன் பொதுச் சுகாதாரக் கல்லூரியில் தன் அறைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். ஓய்வு பெற்று இருபது வருஷம் ஆகியும் யாரும் அந்த அறையைக் கேட்கவில்லை, அல்லது கேட்டவர்கள் முதலில் ஓய்வு பெற்றுவிட்டார்கள். 2009-ல், நூறுக்குச் சில மாதம் இருக்கும்போது, இறந்தார்.

அதற்கு நான்கு வருஷம் முன்னால், 2005 டிசம்பர் 9, லண்டனில் 159-ம் நம்பர் தடத்தில் பழைய மாடி பஸ் கடைசியாக ஓடியது. கண்டக்டர் வைத்து ஓடிய கடைசி வழக்கமான தடம் அதுதான். அப்புறம் சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கக் கொஞ்ச காலம் சில வண்டிகளில் மட்டும் நின்றார். பஸ்ஸில் இருந்த இரண்டு வேலைகளில் எது ஆளைக் கொல்லும், எது காப்பாற்றும் என்று 1953-லேயே அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். நிர்வாகம் யோசித்துப் பார்த்து, காப்பாற்றுகிற வேலையை எடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொண்டது.